நாலு இஸ்பேட்

கனடாவின் தண்டர் பே என்ற ஏரிக்கரை ஊரில் பிப்ரவரி மாதத்து வியாழக்கிழமை மதியத்தை ஓட்ட இரண்டு வழிதான் உண்டு. வீட்டில் உட்கார்ந்து ஏரி உறைந்து கிடப்பதைப் பார்க்கலாம். இல்லாவிட்டால் கர்லிங் கிளப் மாடிக்குப் போய் பிரிட்ஜ் சீட்டாட்டம் ஆடலாம். மாடி ஜன்னலிலும் அதே ஏரிதான் தெரியும். ஆனால் அங்கே சண்டை போட ஆள் கிடைக்கும்.

அந்த மாடிக்கு நடுவர் மார்லீன் பூர்தாஜ். வேலையில் இருந்த காலம் முழுக்க அமெரிக்க எல்லைச் சாவடியில் நின்று, "வண்டியில என்ன இருக்கு?" என்று கேட்டவள். பதிலைக் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள், கண்ணைப் பார்ப்பாள். ஓய்வு பெற்றபின் அந்தப் பார்வைக்கு வேறு வேலை கிடைக்காமல் சீட்டாட்டத்துக்கு வந்து சேர்ந்தாள். மேசையில் ஏதாவது முறை தவறினால் ஆடுகிறவர்கள் கையைத் தூக்கி "டைரக்டர்!" என்று கூப்பிட வேண்டும். தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளக் கூடாது. அவள் போய்ச் சட்டப் புத்தகத்தைப் பிரித்து, மனப்பாடமாகத் தெரிந்த விதியைக்கூட விரல் வைத்து வாசித்துத்தான் தீர்ப்புச் சொல்வாள். வாயால் சொன்னால் மார்லீன் சொன்னதாகிவிடும். வாசித்தால் புத்தகம் சொன்னது. வசவும் புத்தகத்துக்கே போய்ச் சேரும்.

அன்றைக்கு ஆட்டம் தொடங்குமுன், பனிக்காலணிகள் வரிசையாக ஒழுகிக்கொண்டிருந்த வாசலில் ஐலி ஹக்காலா அவள் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். ஐலி பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். எந்தப் பனியிலும் வண்டியை வழுக்க விடாதவள் என்று ஊரில் பெயர்.

"மார்லீன், ஒரு நிமிஷம். கோட்டைக் கழட்டற மாதிரி நில்லு."

"கழட்டிட்டேனே."

"மறுபடி போட்டுக் கழட்டு. ரெய்னோ கீழ, இன்ஜின் உறையாம இருக்க வண்டிக்குக் கரண்ட் மாட்டிட்டு இருக்கான், இப்ப மேல வந்துடுவான்."

மார்லீன் கோட்டை மறுபடி போட்டாள். ஐலி கையுறையை ஒவ்வொரு விரலாக இழுத்துக் கழற்றிக்கொண்டே, கடையில் முட்டை விலை சொல்கிறவள் மாதிரி சொன்னாள்.

"தலைக்குள்ள கட்டி. வெட்டி எடுக்க முடியாத இடமாம். கோடை வரைக்கும் பிரச்சனை இல்லைங்கறாங்க. கோடைக்கு அப்பறம்னு கேட்டா டாக்டர் பேனாவை மூடி மூடித் திறக்கறார்."

எல்லைச் சாவடியில் எத்தனையோ பொய்களைக் கேட்டு அசராத முகம் மார்லீனுடையது. உண்மை ஒன்றைக் கேட்டு அது ஆடிப் போய்விட்டது.

"மூஞ்சிய அப்படி வெச்சுக்காதே, அவன் கண்டுபிடிச்சுடுவான். கேளு. சில சமயம் கண்ணு பாக்குது, ஆனா பாக்கறது என்னன்னு புரிய மாட்டேங்குது. கையில இருக்கறது ஆட்டினா டைமனான்னு தெரியாம நின்னுடறேன். கொஞ்ச நேரத்துல தானா சரியாயிடும். இன்னிக்கு மேசையில நான் அப்படி நின்னுட்டேன்னா, ஏன்னு அவன் முன்னாடி என்னைக் கேட்டுடாதே."

"ரெய்னோவுக்குத் தெரியாதா?"

"ஏரிப் பனி உடையறப்ப சொல்லிக்கறேன். இப்பவே சொன்னா ஆட்டத்தை விட்டுட்டு எதிர்ல உக்காந்து என் மூஞ்சியையே பாத்துட்டு இருப்பான். சாகறதுக்கு முன்னாடியே எனக்குக் காவல் உக்காருவான். வேண்டாம். இந்த ஒரு குளிர்காலம் நான் நானா இருந்துட்டுப் போறேன்."

"கேக்க மாட்டேன்," என்றாள் மார்லீன். சொன்னபோது அது ஒன்றும் பெரிய வாக்காகத் தோன்றவில்லை. சட்டத்துக்கு 'ஏன்' என்ற கேள்வி பெரும்பாலும் தேவைப்படாது.

படியேறி வந்த அவள் கணவன் ரெய்னோ ஹக்காலாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். துறைமுகத்துத் தானியக் கிடங்கில் கோதுமையைத் தரம் பார்த்துச் சீட்டுக் கொடுத்தவன். ஒரு கைப்பிடியை முகர்ந்து பார்த்து, இது முதல் தரம் இல்லை என்று சொன்னால் சொன்னதுதான். கப்பல்காரன் கரடியாய்க் கத்தினாலும் மாற்றமாட்டான். சீட்டிலும் அதே கதை. ஒரு வருடம் நகரக் கோப்பை அவன் கையில் விழ இருந்த கடைசி ஆட்டத்தில், கிளாவர் போட வேண்டிய இடத்தில், கையில் கிளாவர் இருந்தும் கவனப் பிசகாக வேறு சீட்டைப் போட்டுவிட்டான். எதிராளிகள் கவனிக்கவில்லை. தன் தப்பைத் தானே சொல்லியாக வேண்டும் என்று சட்டத்தில் எங்கும் இல்லை. அவன் கையைத் தூக்கி டைரக்டரைக் கூப்பிட்டுச் சொன்னான். கோப்பை போயிற்று. அதைப் பெற்றுக்கொண்டவள் க்ளெண்டா ப்ரோகாப். அன்றிலிருந்து அவள் அவனை 'பாஸ்டர்' என்றுதான் கூப்பிடுவாள். கேலிதான், ஆனால் புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் அந்தக் கோப்பைக் கதையைச் சொல்வதும் அவளேதான்.

ஆட்டம் நல்லபடியாகவே போயிற்று. இந்த வகை ஆட்டத்தில் ஒரே சீட்டுக்கட்டுகள்தான் எல்லா மேசைக்கும் சுற்றி வரும். ஆகவே 'எனக்குச் சீட்டே வரலை' என்று யாரும் மூக்கைச் சிந்த முடியாது. அதே சீட்டை வைத்துப் பக்கத்து மேசைக்காரன் என்ன கிழித்தான் என்பதுதான் கணக்கு. இன்னொன்று, ஜோடியிடம் வாய் திறந்து பேசக் கூடாது. இஸ்பேட், ஆட்டின் என்று எந்தச் சாதியைத் துருப்பாக்கி எத்தனை பிடி எடுப்போம் என்று காட்டும் ஏலச் சீட்டுகளை எடுத்து முன்னால் வைப்பதுதான் பேச்சு. பெருமூச்சு, புருவம், தயக்கம் எல்லாம் பேச்சில் சேராது. யோசிப்பது குற்றமில்லை. ஜோடி யோசிப்பதைப் பார்த்து அதற்குத் தக்கபடி நடந்துகொள்வதுதான் குற்றம்.

ஹக்காலா தம்பதி ஜன்னலோரத்து முதல் மேசையில் எப்போதும்போல் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். எதிராளிகள்தான் மேசை மேசையாக மாறி வரவேண்டும். கடைசிக்கு முந்தின சுற்றில் க்ளெண்டாவும் அவள் ஜோடி நெவிலும் அந்த மேசைக்கு வந்தார்கள். நெவில் ஓய்வு பெற்ற பல் டாக்டர். மரத்துப்போகும் ஊசி வேலை செய்வதற்குள் பல்லைக் குறடால் பிடித்துவிடுவார் என்று ஊரில் சொல்வார்கள்.

மார்லீன் காபி ஊற்றிக்கொண்டிருந்தபோது நெவிலின் கை உயர்ந்தது.

"டைரக்டர்!"

போனாள். ஐலியின் முன்னால் பச்சைச் சீட்டு இருந்தது. பச்சை என்றால் பாஸ், மேலே கேட்கவில்லை என்று அர்த்தம். ரெய்னோவின் முன்னால் கடைசியாக வைத்திருந்தது நாலு இஸ்பேட்.

"நாங்க நாலு ஆட்டின் வரைக்கும் ஏலத்தை ஏத்திட்டோம்," என்றார் நெவில். "இந்தம்மா ரொம்ப நேரம் நிறுத்தி, அப்பறம் பாஸ் வெச்சாங்க. க்ளெண்டாவும் பாஸ். மூணு இஸ்பேடோட வாயை மூடிக்கிட்டிருந்த இவர், இப்பத் திடீர்னு நாலு இஸ்பேட்ங்கறார்."

"தயக்கம் இருந்துச்சுன்னு எல்லாரும் ஒத்துக்கறீங்களா?" இது மார்லீன் கேட்டே ஆகவேண்டிய கேள்வி.

"தயக்கமா? நடுவுல நான் போய்க் காபி குடிச்சுட்டே வந்திருக்கலாம்," என்றாள் க்ளெண்டா.

ரெய்னோ தலையசைத்தான். "ஆமா. நின்னா."

ஐலி மேசை விரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்கள் மட்டும் ஒரு கணம் உயர்ந்து மார்லீனிடம் வந்தன. கேக்க மாட்டேன்னு சொன்னியே என்றன. மார்லீன் கேட்கவில்லை.

"ஆடி முடிங்க. உங்களுக்கு நஷ்டம்னு தோணுச்சுன்னா மறுபடி கூப்பிடுங்க."

யாரும் மேலே ஏற்றவில்லை. ஆகவே நாலு இஸ்பேட் ரெய்னோவின் பொறுப்பு. நெவில் முதல் சீட்டைப் போட்டதும் ஐலி தன் சீட்டுகளை மேசையில் விரித்தாள். ஏலத்தை எடுத்தவன் இரண்டு பேர் சீட்டையும் தானே ஆட வேண்டும். அவன் ஜோடிக்கு டம்மி என்று பெயர். விரித்து வைத்துவிட்டுக் கைகட்டி உட்கார்ந்திருக்கலாம். ஐலி விரித்ததில் ஆட்டினும் டைமனும் ஒரே வரிசையில் கலந்து கிடந்தன. ரெய்னோ எட்டி, ஒரு விரலால் அவற்றைப் பிரித்து இரண்டு வரிசையாக்கினான். மார்லீன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். சாதாரணமாக அவள் கண்ணுக்குத் தப்பாத விஷயம்தான். அன்றைக்கு அவளுக்கு ஐலியின் ரகசியமே நெஞ்சு முழுக்க அடைத்துக்கொண்டிருந்தது.

நாலு என்றால் ஆறுக்கு மேல் நாலு, ஆகப் பத்துப் பிடி வேண்டும், பத்தையும் எடுத்துவிட்டான். அந்தச் சீட்டுகளை வைத்து வேறு எந்த மேசையிலும் யாருக்கும் கிடைக்காத வெற்றி.

"டைரக்டர்!" இந்தத் தடவை கூப்பிட்டது க்ளெண்டா. முகம் சிவந்திருந்தது. "பாஸ்டரே, உங்ககிட்ட இதை எதிர்பார்க்கல. வேற எவனாவது செஞ்சிருந்தா சிரிச்சுட்டுப் போயிருப்பேன்."

"கூப்பிட்டது சரிதான், க்ளெண்டா," என்றான் ரெய்னோ.

"சரின்னு எனக்கே தெரியும். நீங்க சொல்லி நான் தெரிஞ்சுக்க வேண்டாம்."

இப்படிப்பட்ட வழக்குக்கு ஒரு நடைமுறை உண்டு. அந்தச் சீட்டுகளை, அதே தரத்தில் ஆடும் வேறு ஆட்களிடம் காட்ட வேண்டும். ஜோடி தயங்கினாள் என்பதைச் சொல்லாமல், இதுவரை ஏலம் இப்படிப் போயிற்று, நீ என்ன செய்வாய் என்று மட்டும் கேட்க வேண்டும். தயக்கத்தைப் பார்க்காதவனும் நாலு இஸ்பேட் என்றே சொன்னால், ரெய்னோ மேல் குற்றமில்லை. மார்லீன் ரெய்னோவின் பதின்மூன்று சீட்டுகளை எடுத்துக்கொண்டு, அந்தச் சுற்றில் எதிராளி இல்லாமல் ஓரமாக உட்கார்ந்திருந்த ஸ்டானிடமும் டோரிஸிடமும் போனாள். நாலு இஸ்பேட் சொல்லுங்கடா, சொல்லித் தொலைங்கடா என்று அவள் மனசு அடித்துக்கொண்டது. நடுவராக இருந்த இத்தனை காலத்தில் அவள் எந்தப் பதிலையும் முன்கூட்டி விரும்பியதில்லை.

ஸ்டான் இளஞ்சிவப்புச் சர்க்கரை பூசிய பெர்சியன் ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தான். விரலை நக்கிவிட்டு, சீட்டுகளை வாங்கிப் பார்த்தான்.

"பாஸ்."

"நல்லா பாரு."

"என்னத்த நல்லா பாக்கறது? என்கிட்ட இருக்கறதை எல்லாம் மூணு இஸ்பேட்லயே சொல்லியாச்சு. இதுக்கு மேல போறவன் குடிச்சுட்டு வந்திருக்கணும்."

டோரிஸும் பாஸ் என்றாள். அவள் யோசிக்கக்கூட இல்லை.

தீர்ப்புச் சொல்லுமுன் மார்லீன் ரெய்னோவைத் தனியாகக் கூப்பிட்டாள். மேசைக்கு அப்பால் அழைத்துப் பேச நடுவருக்கு உரிமை உண்டு. மாடியின் பின்பக்கக் கண்ணாடி வழியாகக் கீழே பனித்தளம் தெரியும். அங்கே பள்ளிப் பிள்ளைகள் கல்லைத் தள்ளிவிட்டு, பின்னாலேயே துடைப்பத்தோடு ஓடிக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"ரெய்னோ, எதுக்காக நாலு இஸ்பேட் வெச்சே? சீட்டுல ஒரு காரணம் சொல்லு. சின்னதா இருந்தாலும் போதும்."

"சீட்டுல காரணம் இல்ல."

"அப்ப அவ தயங்கினதைப் பாத்துட்டு, அவகிட்ட நல்ல சீட்டு இருக்குன்னு நெனச்சுட்டியா?"

ரெய்னோ கீழே ஓடும் பிள்ளைகளைப் பார்த்தான். "இல்ல. அவ சீட்டைப் பத்தி யோசிக்கல. கல்யாணம் ஆனதுல இருந்து அவளுக்கு எதிர்லதான் உக்காந்திருக்கேன். சீட்டை யோசிச்சா அவ கண்ணு சீட்டுமேல இடமும் வலமுமா ஓடும், நாக்கு கன்னத்துக்குள்ள போகும். இன்னிக்குக் கண்ணு ஓடல. ஒரே இடத்துல நின்னுடுச்சு. வீட்டுல அடுப்பு முன்னாடி நிக்குமே, அந்த மாதிரி."

மார்லீன் பிள்ளைகளை விட்டு அவனைப் பார்த்தாள்.

"அடுப்புத் திருகைப் பாத்துட்டே நிப்பா. எது எதுக்குன்னு தெரியாம. நான் பின்னால வந்து, எனக்குக் காபி வேணும்னு சொல்லிட்டு நானே பத்த வெச்சுடுவேன். தலைக்குள்ள என்னமோ இருக்கு அவளுக்கு. ஆஸ்பத்திரிக்குப் போறப்பல்லாம் தங்கச்சி வீட்டுக்குப் போறேங்கறா. அவ தங்கச்சி குளிர்காலம் முழுக்க ஃப்ளோரிடாவுலதான் இருக்கான்னு அவளுக்கே ஞாபகம் இல்ல."

"அதுக்கும் நாலு இஸ்பேடுக்கும்..."

"நான் பாஸ் சொல்லியிருந்தா ஆட்டத்தைக் க்ளெண்டா எடுப்பா. ஐலி பதிமூணு சீட்டையும் கையில பிடிச்சுக்கிட்டு, எது என்னன்னு தெரியாம ஒண்ணொண்ணாப் போடணும். தப்பாப் போடுவா. நாலு பேர் பாப்பாங்க. நான் எடுத்துட்டா அவ டம்மி. விரிச்சு வெச்சுட்டு உக்காந்துக்கலாம். தோத்தாலும் பரவாயில்லைன்னுதான் வெச்சேன். பாழாப்போன சீட்டு ஜெயிச்சுத் தொலைச்சுடுச்சு."

சாவடியில் நின்ற காலத்தில் யாராவது அழுதால் மார்லீன் வண்டியின் எண்ணைப் பார்ப்பாள். இப்போது பார்ப்பதற்கு எதுவும் இல்லை.

"உனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரியுமா?"

"தெரியாது. தெரிய வேண்டாம். அவ்வளவு கஷ்டப்பட்டு மறைக்கறா, மறைச்சுக்கட்டும். அவளே சொல்ற வரைக்கும் நான் வாயத் திறக்க மாட்டேன்." அவன் அவள் பக்கம் திரும்பினான். "ஜோடி நின்னதைப் பாத்தேன். பாத்து அதுக்கேத்த மாதிரி ஏலம் வெச்சேன். சட்டம் என்ன சொல்லுதோ அதைச் சொல்லு. காரணத்தை மட்டும் சொல்லாதே."

"ஊரெல்லாம் உன்னைப் பத்தி என்ன பேசும்னு தெரியுமா?"

"ஊர் வாய மூட உலைமூடி ஏது? போ, எல்லாரும் காத்துட்டு இருக்காங்க."

மார்லீன் அறையைக் கடந்து நடந்தாள். புருஷன் ரகசியம் ஒரு பக்கம், பெண்டாட்டி ரகசியம் ஒரு பக்கம், இரண்டும் ஒரே ரகசியம், இருவரும் கேட்ட வாக்கு அவள் ஒருத்தி தலையில். ஒரு வார்த்தை சொன்னால் ரெய்னோவின் பெயர் தப்பிக்கும். அந்த வார்த்தையோடு ஐலியின் குளிர்காலம் முடிந்துவிடும். அவள் புத்தகத்தைப் பிரித்தாள். விரல் வைத்து வாசித்தாள். குரல் எங்கோ தூரத்தில் யாரோ வாசிப்பதுபோல் கேட்டது.

"தயக்கம் நடந்தது. பாஸ் சொல்ல வாய்ப்பு இருந்தும், தயக்கம் காட்டின வழியில ஏலம் போயிருக்கு. நாலு இஸ்பேட் செல்லாது. நாலு ஆட்டின் ஆடியிருந்தா க்ளெண்டாவுக்குப் பத்துப் பிடி வந்திருக்கும். மதிப்பெண்ணை அப்படியே மாத்தறேன்."

மற்ற மேசைகளில் சலசலப்பு நின்றிருந்தது. நெவில், "நன்றி," என்று சொல்லிப் பேனாவை மூடினார்.

க்ளெண்டாவுக்கு ஜெயித்த சந்தோஷமே இல்லை. "இத்தனை வருஷமா வர்றவன் போறவன்கிட்டல்லாம் உங்க கதையச் சொல்லிட்டு இருந்தேனே," என்றாள். "இனிமே எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுச் சொல்றது?"

"சொல்லாதே," என்றான் ரெய்னோ.

ஐலி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வெளுத்துப் போயிருந்தாள். "நான் நின்னதைப் பாத்தா வெச்சே?"

"ஆமா."

"நீயா?"

அவன் மார்லீன் திருப்பித் தந்த சீட்டுகளை, அடுத்த மேசைக்குப் போகும் அட்டைக்குள் செருகினான். ஐலி நாற்காலியைத் தள்ளிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாள். மார்லீன் பின்னாலேயே போனதும் அவள் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு கிசுகிசுத்தாள்.

"என்னாலதான். நான் நின்னதாலதான் அவன் சறுக்கினான். ஒரு தடவை கூட சறுக்காதவன். மார்லீன், நான் சீட்டு யோசிக்கலைன்னு சொல்லிடட்டுமா? சொன்னா அவன் பேரு தப்பிக்குமா?"

"தப்பிக்காது," என்றாள் மார்லீன். அது உண்மைதான். நின்றது எதற்காக என்று புத்தகம் கேட்பதில்லை. ஆனால் சொல்லு, போய்ச் சொல்லு, அவனுக்கு எல்லாம் தெரியும் என்ற வார்த்தைகள் அவள் நாக்கு நுனியில் நின்றன. விழுங்கினாள். அதை நினைத்து அவள் பின்னால் பல இரவு தூங்கவில்லை.

"என்மேல கோவம் வருது, அவன்மேலயும் வருது," என்றாள் ஐலி. "அந்த ஒரு சீட்டுக்காகவா? அப்படி என்ன ஆசை அவனுக்கு?"

கடைசிச் சுற்றுக்கு மணி அடித்தது. க்ளெண்டாவும் நெவிலும் அடுத்த மேசைக்கு எழுந்து போனார்கள். முதல் மேசைக்கு ஸ்டானும் டோரிஸும் வந்தார்கள். ஸ்டான் கலகலப்பாக ஏதோ ஆரம்பித்தான். யாரும் சிரிக்காததால் நிறுத்திக்கொண்டான். ஐலி கணவனைப் பார்க்காமல் சீட்டை எடுத்தாள்.

மார்லீன் அந்த மேசையை விட்டுப் போகவில்லை. ஜன்னலில் சாய்ந்து நின்றாள்.

அந்தச் சுற்றின் இரண்டாவது ஆட்டத்தில் ஸ்டான் ஆட்டின் ஏலம் தொடங்கினான். ஐலியின் முறை. அவள் கை ஏலப் பெட்டி வரைக்கும் போனது, அங்கேயே நின்றது. மார்லீன் இந்தத் தடவை அவள் கண்களைப் பார்த்தாள். ரெய்னோ சொன்னது சரி. அவை ஓடவில்லை. ஸ்டான் கூரையைப் பார்த்தான். டோரிஸ் மோதிரத்தைத் திருகினாள். கடைசியில் ஐலி பச்சைச் சீட்டை, நிறத்தை வைத்தோ பழக்கத்திலோ, தடவி எடுத்து வைத்தாள். டோரிஸ் ஆட்டினை ஏற்றினாள்.

ரெய்னோவின் கையில் நீளமாக இஸ்பேட் இருந்தது. மார்லீன் நின்ற இடத்திலிருந்து அது தெரிந்தது. அவன் கை பெட்டிக்குப் போயிற்று. இஸ்பேட் ஏலச் சீட்டின் ஓரத்தை விரல் தொட்டது. அடுத்த மேசையிலிருந்து க்ளெண்டா திரும்பிப் பார்ப்பதை மார்லீன் கண்டாள். ஜோடி தயங்கியாகிவிட்டது, இப்போது இவன் எது சொன்னாலும் மறுபடி அதே வழக்குத்தான். ரெய்னோவின் விரல் பின்வாங்கியது. பச்சைச் சீட்டை எடுத்து வைத்தான். வைத்துவிட்டு மேசையைப் பார்த்தான். மனைவி முகத்தைப் பார்ப்பதும் கூடாது அல்லவா.

தீர்ப்புச் சரியான தீர்ப்பு. அது வேலை செய்வதை மார்லீன் நின்று பார்க்க வேண்டியிருந்தது.

ஆட்டம் ஸ்டானுடையது. முதல் சீட்டு ஐலி போடவேண்டும். ஏதோ ஒன்றை உருவிப் போட்டாள். முதல் சீட்டு எதுவானாலும் செல்லும். டோரிஸ் டம்மியாக விரித்தாள். ஸ்டான் அந்தப் பிடியை எடுத்துக்கொண்டு ஆட்டின் ஏஸை வைத்தான். ஐலி தன் சீட்டுகளை நெஞ்சுக்கு நெருக்கமாகப் பிடித்துக்கொண்டு உற்றுப் பார்த்தாள். பிறகு ஒரு டைமனைப் போட்டாள்.

இங்கே சட்டம் ஒரே ஒரு சலுகை தருகிறது. ஜோடி வேறு சாதிச் சீட்டைப் போட்டால், அந்தச் சாதி உன்னிடம் இல்லையா என்று ஒரு கேள்வி கேட்கலாம். மதியம் முழுக்க எல்லா மேசையிலும் கேட்கும் கேள்விதான். அதைக் கேட்டு யாரும் தலை தூக்குவதுகூட இல்லை.

"ஆட்டின் இல்லையா, ஐலி?" என்றான் ரெய்னோ.

'இல்ல' என்பாள், அல்லது 'அய்யோ, இருக்கு' என்பாள். இரண்டே பதில்தான் உண்டு. ஐலி சீட்டுகளைப் பார்த்தாள். ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தாள். அவள் உதடு கோணியது.

"தெரியல, ரெய்னோ."

ரெய்னோ தன் சீட்டுகளைக் கவிழ்த்து மேசையில் வைத்தான். அவன் முகத்தில் ஆச்சரியம் கொஞ்சமும் இல்லை. அதை ஐலி பார்த்துவிட்டாள். சீட்டைத்தான் அவளால் படிக்க முடியவில்லை. அந்த முகத்தை அவளால் எப்போதும் படிக்க முடியும்.

"உனக்குத் தெரியும்," என்றாள்.

"தெரியும்."

"எப்போல இருந்து?"

"அடுப்பு முன்னாடி நிக்க ஆரம்பிச்சதுல இருந்து."

பிறகு, "அந்த நாலு இஸ்பேட்," என்றாள்.

"நீ டம்மி ஆகணும்னுதான்."

அடுத்த மேசையில் க்ளெண்டா கையிலிருந்த சீட்டைக் கீழே வைத்துவிட்டாள். "அய்யோ கடவுளே," என்று அவள் சொன்னது எல்லாருக்கும் கேட்டது. "மார்லீன், அந்தத் தீர்ப்ப மாத்து. எனக்கு அந்த மார்க்கு வேண்டாம்."

"மாத்தாதே," என்றான் ரெய்னோ, திரும்பாமலே. "சரியான தீர்ப்பு அது."

ஐலி அழுதாள். சத்தமில்லாத அழுகை. "ஏன்டா கேக்கல? இத்தனை நாளும் என்னைத் தனியா விட்டியே. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"உன் முறை அது, ஐலி," என்றான் அவன். "உன் முறையில நான் எப்படிப் பேசறது?"

மேசையில் ஸ்டானின் ஆட்டின் ஏஸ் காத்துக்கொண்டு கிடந்தது. ஐலி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, அந்த மாடியில் இதுவரை யாரும் செய்யாத காரியத்தைச் செய்தாள். கையிலிருந்த சீட்டுகள் அத்தனையையும் விசிறி மாதிரி விரித்து, முகப்பை அவன் பக்கமாகத் திருப்பி, மேசைக்கு மேலே நீட்டினாள்.

"நீயே பாத்துச் சொல்லு. ஆட்டின் இருக்கா?"

ஜோடியின் சீட்டைப் பார்ப்பதைவிடப் பெரிய குற்றம் இந்த ஆட்டத்தில் இல்லை. ரெய்னோ முன்னால் குனிந்தான். மூக்குக்கண்ணாடியைச் சரி செய்துகொண்டு, கோதுமையைத் தரம் பார்ப்பதுபோல் நிதானமாக, இடமிருந்து வலமாகப் பார்த்தான்.

"இருக்கு," என்றான். "மூணு இருக்கு."

ஒருவரும் கையைத் தூக்கவில்லை. மார்லீன் சட்டப் புத்தகத்தை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, ஐலியின் கோட்டை எடுத்துவர வாசலுக்குப் போனாள்.